சக்கரத்துக்குப் போட்ட காப்பு

தேனி பஜாரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த சுயம்புலிங்கத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பேசுவார்கள். அவன் மேல் யாருக்கும் பகை கிடையாது. பகைக்கிற அளவுக்கு அவனை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

அவன் கடைக்கு எதிர்த்தாற்போல் என் தையல் கடை. மிஷினை மிதித்துக்கொண்டே தலையைத் தூக்கினால் அவன் கடை முழுசும் தெரியும். அதனால் அவன் கதையைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. பார்த்தது பாதி, கேட்டது பாதி. கேட்டதில் சந்தேகம் வந்தால் அவன் கடைக்குப் பின்னால் மாட்டுத் தொழுவம் வைத்திருந்த பால்காரி மூக்கம்மாளிடம் விசாரித்துக்கொள்ளலாம். அவள் பார்த்ததையும் சொல்வாள், பார்க்காததையும் சொல்வாள்.

சைக்கிளை வாடகைக்கு விட்டோம், பஞ்சர் ஒட்டினோம், பொழுது சாய்ந்தால் கல்யாண வீட்டுக்கும் நாடகக் கொட்டகைக்கும் பெட்ரோமாக்ஸ் லைட்டை ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தோம் என்று இருந்திருந்தால் சுயம்புலிங்கம் இந்நேரம் மச்சு வீடு கட்டியிருப்பான். ஆனால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு சமயம் சைக்கிளில் குடையை நட்டு வைத்து ஓட்டுகிற மாதிரி ஏற்பாடு செய்தான். சித்திரை வெயிலுக்கு அருமையாகத்தான் இருந்தது. ஆடி மாசம் நம் பள்ளத்தாக்கில் காற்று எப்படி அடிக்கும் என்பதை மறந்துவிட்டான். சம்மன் கொடுக்கிற கோர்ட்டு சேவகர் ஒருவர் அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினார். காற்று அவரை ரோட்டை விட்டுத் தூக்கி, எதிரே வந்த பருத்தி வண்டிக்குள் உட்கார வைத்தது. பருத்தியாக இருந்ததால் பிழைத்தார். இன்னொரு சமயம் மேயப் போன மாடு எங்கே நிற்கிறதென்று தெரிவதற்காக மூக்கம்மாளின் பசுவுக்கு சைக்கிள் பெல்லை மாட்டிவிட்டான். மாடு தன் பின்னால் யாரோ சைக்கிளில் வருகிறார்கள் என்று நினைத்து வீரபாண்டி வரைக்கும் ஓடியது.

இதையெல்லாம் பார்த்துத்தான் அவன் பெண்டாட்டி கஸ்தூரியம்மாள் ஒரு நாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே நீங்க செஞ்ச மிஷினு ஒன்னுகூட இந்த வாசப்படியத் தாண்டி உள்ள வரக் கூடாது." அவனும் தலையை ஆட்டிவிட்டான். அன்றிலிருந்து எல்லாம் கடைக்குப் பின்பக்கம்தான்.

கஸ்தூரியம்மாள் போடிக்காரி. நல்ல உயரம், குறைந்த பேச்சு. போடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்குத் தாய்வீடு என்பது பக்கத்துத் தெரு மாதிரி. வடகம் காயப்போட அம்மாவுக்கு ஒத்தாசை என்று ஒரு தரம் போவாள், காய்ந்த வடகத்தை எடுத்து வர ஒரு தரம் போவாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு மலையைப் பார்த்தபடியே போவாள். வீட்டில் சிரிக்காத பொம்பளை ரயிலில் தன்னாலே சிரித்துக்கொண்டிருப்பாள் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். சுயம்புலிங்கமே அவளை முதல் முதலில் பார்த்தது தேனி ஸ்டேஷனில், ஜன்னலுக்கு வெளியே நின்றுதான்.

யுத்தம் வந்தது. நடுவில் ஒரு நாள் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமாம். நம் போடி லைனில் இருந்த இரும்பு இல்லாமல் சண்டை நடக்காது போலிருக்கிறது. அப்புறம் இருந்தது பஸ்தான். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய பானையைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். அந்தப் புகையும் குலுக்கலும் கஸ்தூரியம்மாளுக்கு ஆகாது. பஸ் கிளம்பும் முன்னாலேயே வாந்தி எடுத்துவிடுவாள். ஆகவே தாய்வீடு பொங்கலுக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு தரம், அதுவும் யாராவது மாட்டுவண்டி கட்டினால் என்று ஆகிப்போனது.

அவள் அதற்காக யாரிடமும் புலம்பியதில்லை. ஒரு நாள் சோறு போடும்போது மட்டும், "ரயிலு இருந்தா இன்னேரம் போடிக்குப் போய்ச் சேந்துருப்பேன்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். சுயம்புலிங்கம் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். யுத்தம் முடிந்த பிறகும் சர்க்கார் தண்டவாளத்தைத் திருப்பிக் கொண்டு வரவில்லை. அதைக் கொண்டு வர அவனால் முடியாது. ஆனால் ஒரு ரயிலைச் செய்ய அவனால் முடியும் என்று அவன் நினைத்தான். எத்தனை பெரிதென்றால், ஒரு முழ நீளம்.

மண்ணெண்ணெய் டின்னை வெட்டி என்ஜின் செய்தான். காபி கிளப்பில் உடைந்து கிடந்த கிராமபோனின் சுருள்வில்லை உள்ளே வைத்தான். சாவி கொடுத்தால் சுற்றும். போடி மண்டியிலிருந்து வரும் ஏலக்காய்ப் பெட்டிகளைச் சுற்றியிருக்கும் தகரப் பட்டையை நிமிர்த்தித் தண்டவாளமாக்கினான். சக்கரம்தான் அமையவில்லை. மரத்தில் செய்தால் மழைக்கு உப்பியது. தகரத்தில் செய்தால் வளைந்தது. அந்தச் சமயத்தில்தான் மதுரையில் பட்டாளத்துச் சாமான் மிச்சத்தைக் குவித்துப் போட்டு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். திரும்பி வரும்போது ஒரு பிஸ்கட் டப்பாவில் ஆறே ஆறு வளையங்களோடு வந்தான்.

ஆகாய விமானத்துச் சாமான் என்று விற்றவன் சொன்னானாம். அலுமினியம்தான், ஆனால் அசல் தங்க நிறம். நாம் கண்ட அலுமினியம் எல்லாம் வெள்ளையாக இருக்கும் சோற்றுச் சட்டிதானே. இது பெயிண்டும் இல்லை. நகத்தால் சுரண்டினாலும் வராது, ஆணியால் கீறினாலும் லேசில் விடாது. கம்பெனியிலேயே தோலோடு தோலாக மஞ்சளை ஏற்றிவிட்டிருந்தார்கள். குழந்தைக் கைக்குப் போடுகிற அளவு. அதை மரக்கட்டையில் மாட்டி அச்சில் கோத்தால் முதல்தரமான சக்கரம். வளையத்தின் ஒரு பக்கம் விளிம்பு தூக்கியிருந்ததால் தண்டவாளத்தை விட்டு இறங்காது. சக்கரத்தைத் தடம் புரளாமல் காக்கிற சாமான் என்பதால் அவனாகவே அதற்குக் 'காப்பு' என்று பேர் வைத்துக்கொண்டான். அந்தப் பேர்தான் அவனைக் கவிழ்த்தது.

ஒரு நாள் மத்தியானம் மூக்கம்மாள் என் கடைக்கு வந்தாள். ரவிக்கை தைக்க வரவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது.

"அண்ணே, எதுத்தாப்ல என்ன நடக்குதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"பஞ்சர் ஒட்டுறான்."

"பின்னாடி என்ன நடக்குதுன்னு கேக்குறேன். தொழுவத்துச் செவரு மேல எட்டிப் பாத்தேன். பொன்னுண்ணே. வளையம் வளையமா. துணிய வச்சுத் தொடச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, 'ரெண்டு சோடிக் காப்பு முடிஞ்சுபோச்சு, இன்னும் ஒரு சோடி'ன்னு தன்னாலே பேசுறாக. நூலப் போட்டு வேற அளவெடுக்குறாக."

"யாருக்குக் காப்பு? அவனுக்குத்தான் புள்ளை குட்டி இல்லையே."

"அதான நானும் கேக்குறேன்." குரலை இறக்கினாள். "சாயந்தரமானா லைட்டத் தூக்கிக்கிட்டு நாடகக் கொட்டகைக்கு ஓடுறாகல்ல. அங்கன பூமாரின்னு ஒருத்தி வந்துருக்கா. முந்தாநேத்து மேடையிலயே மாங்கா கேட்டாளாம்."

"அது கதையில வர்ற மாங்கா மூக்கம்மா."

"கதையில வந்தா என்ன. தின்னாளா இல்லையா?"

இதற்கு மேல் என்ன பேசுவது. அந்தச் செய்தி என் கடையிலிருந்து கிளம்பவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு அவசியமே இல்லாமல் போனது, ஏனென்றால் மூக்கம்மாள் எனக்கு முந்தியே பால் ஊற்றுகிற வீடுகளில் எல்லாம் ஊற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாத பொம்பளையின் காதில் இது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கஸ்தூரியம்மாள் முதலில் நம்பவில்லை. ஆனால் சட்டையைத் துவைக்கப் போகும்போது பையில் முடிச்சுப் போட்ட நூல் ஒன்று கிடைத்தது. சின்ன வட்டத்தின் அளவு.

"இது என்ன அளவுங்க?"

வேறு எவனாவது இருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பான். இவன், "அதுவா, ஒரு காப்பு அளவு" என்றான்.

"யாருக்கு?"

"இப்பச் சொல்ல மாட்டேன். முடியட்டும். முடிஞ்சதும் நீயே பாப்ப. அசந்து போயிருவ."

கஸ்தூரியம்மாள் நூலைக் கீழே போட்டாள். மாற்றுச் சேலையை மஞ்சள் பையில் வைத்தாள். தெருவில் இறங்கி நடந்தாள். போய் பஸ்ஸில் ஏறினாள். அதைப் பார்த்ததும்தான் பஜாருக்கே விஷயம் எவ்வளவு பெரிசென்று புரிந்தது. அழுதிருந்தால் சமாதானம் பண்ணலாம். சண்டை போட்டிருந்தால் விலக்கிவிடலாம். கரி பஸ்ஸில் ஏறிவிட்டாள் என்றால் இனி திரும்புகிற உத்தேசம் இல்லை என்று அர்த்தம்.

சுயம்புலிங்கம் என் கடையில் வந்து உட்கார்ந்தான். விஷயத்தை நான்தான் அவனுக்கு விளக்க வேண்டியதாயிற்று. பூமாரி, மாங்காய், காப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "அது சக்கரம்ண்ணே" என்றான். அப்புறம்தான் ரயில் சமாசாரம் வெளியே வந்தது. சிரிப்பதா, அவனை இரண்டு சாத்துச் சாத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"போயி அவகிட்டச் சொல்லிக் கூட்டிட்டு வா" என்றேன்.

"நீங்களும் வாங்கண்ணே. அவ அண்ணன் கருத்தக்கண்ணன் கை நீட்டுற ஆளு."

வளையங்களைப் பிஸ்கட் டப்பாவோடு எடுத்துக்கொண்டு போடிக்குப் போனோம். கருத்தக்கண்ணன் ஏலக்காய் மண்டியில் மூட்டைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறவன். தங்கச்சி புருஷன் வந்தால் 'வாங்க மாப்ள' என்பதுதான் முறை. அவன் சுவரைப் பார்த்து, "வந்துட்டாக" என்றான். கஸ்தூரியம்மாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். சேலை முனை மட்டும் தெரிந்தது. அவள் அம்மா இருளம்மாள் நடுக்கூடத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். இடிக்கிற வேகத்தில் உரலில் இருப்பது வெற்றிலை இல்லை, மருமகன்தான் என்று எனக்குத் தோன்றியது.

சுயம்புலிங்கம் டப்பாவைத் திறந்து வைத்தான். கூடமே மஞ்சளாக மின்னியது.

"மச்சான், இது காப்பு இல்ல. சக்கரம். ரயிலுக்கு."

"எந்த ரயிலுக்கு?"

"நான் செய்யிற ரயிலுக்கு."

கருத்தக்கண்ணன் என்னைப் பார்த்தான். "குடிச்சிருக்காகளா?"

"இல்லப்பா. எப்பயுமே இப்படித்தான்."

"ரயிலுக்குத் தங்கத்துல சக்கரம் போடுறாக. அடுத்து வைரத்துல விசிலு வைப்பாக."

"தங்கம் இல்ல மச்சான், அலுமினியம். கையில தூக்கிப் பாருங்க, கனமே இருக்காது."

தூக்கிப் பார்த்தார்கள். கனம் இல்லைதான். ஆனால் மஞ்சள் அலுமினியத்தை யார் கண்டது? கருத்தக்கண்ணனின் பெண்டாட்டி, "பித்தளைப் பூச்சா இருக்கும், புளிய வச்சுத் தேச்சா தெரிஞ்சுபோகும்" என்று ஒரு வளையத்தை எடுத்துக்கொண்டு போனாள். நம் ஊரில் எந்த உலோகத்தைக் கண்டாலும் பொம்பளைகளுக்குக் கை புளிக்குத்தானே போகும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவிக் கொண்டு வந்தாள். மதுரையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கும் எண்ணெயும் போய், போனதைவிட இரண்டு மடங்கு ஜொலித்தது. கதவுக்குப் பின்னால் ஒரு மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பக்கத்துத் தெருவில் நகை செய்கிற முத்துக்கருப்பன் ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் சின்னச் சீசாவோடு வந்தார். அதற்குள் இருந்தது பொன்னைச் சோதிக்கிற திராவகம். ஒரு சொட்டை வளையத்தின் மேல் விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"பித்தளையா இருந்தா பச்சையாப் பொங்கும்" என்றார் ஆசாரி. "இது அசையல. திராவகத்துக்கு அசையாதது பொன்னு ஒன்னுதான். ஆனா கனம் இல்லாததுனால உள்ள வேற. மேல பொன்னு. முலாம் பூசுனது. நல்ல முலாம், நம்ம பக்கத்து வேல இல்ல."

"அலுமினியத்துல யாரு ஆசாரி முலாம் பூசுவா?" என்று கேட்டேன்.

"ஆசை மிஞ்சினவன் பூசுவான்" என்று சொல்லிவிட்டு அவர் சுயம்புலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார். அலுமினியமும் திராவகத்துக்கு லேசில் அசையாது என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஊரில் அலுமினியத்தைக் கொண்டுபோய் ஆசாரியிடம் யார் உரசிப் பார்த்திருக்கிறார்கள்?

கருத்தக்கண்ணன் எழுந்தான். "பூமாரி புள்ளைக்கு முலாம் காப்புப் போதும்னு நெனச்சீகளாக்கும். அங்கனயாவது சிக்கனமா இருக்கீகளே" என்றான். சுயம்புலிங்கம் நாளைக்கே என்ஜினைக் கொண்டு வந்து காட்டுகிறேன் என்றான். "எந்த டப்பாவயும் கொண்டாந்து ரயிலும்பீக" என்று மச்சான் முடித்துவிட்டான். இருளம்மாள் ஒரு வளையத்தைப் பொறுக்கி எடுத்து, வெற்றிலை பாக்கு வைத்திருந்த சுருக்குப்பையில் போட்டு இறுக்கினாள். "ஒன்னு எங்கிட்ட இருக்கட்டும். நாளைக்குப் பேச்சு மாறுனா சாட்சிக்கு ஆகும்."

பொழுது சாய்ந்துவிட்டது. எவ்வளவு கோபம் இருந்தாலும் மருமகனைச் சோறு போடாமல் அனுப்பினால் தெரு பேசும் என்று இருளம்மாள் சேவலை அடித்துவிட்டாள். திட்டிக்கொண்டேதான் அடித்தாள். கஸ்தூரியம்மாள் பரிமாறினாள். அவன் இலையில் குழம்பை ஊற்றும் முன் என்னைப் பார்த்து, "அண்ணே, கொழம்பு வேணுமான்னு கேளுங்க" என்றாள். "வேணும்னு சொல்லுங்கண்ணே" என்றான் அவன். ரசத்துக்கும் அப்படியே. இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரன் மாதிரி உட்கார்ந்து தின்றேன். ஈரல் மட்டும் எப்படியோ அவன் இலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதை நான் கவனித்தேன், அவன் கவனிக்கவில்லை. தகரம் வளைக்கத் தெரிந்தவனுக்கு இதெல்லாம் தெரியாது.

விடிந்ததும் இருளம்மாள் வெற்றிலை போட சுருக்குப்பையை அவிழ்த்தாள். உள்ளே இருந்த வளையத்தை எடுத்துப் பார்த்தாள். அப்புறம், "ஏலே கருத்தா, இங்கன வா" என்றாள்.

அவளுடைய சுண்ணாம்பு டப்பிக்கு மூடி சரியில்லை. இரவெல்லாம் சுண்ணாம்பு கசிந்து வளையத்தின் ஒரு பக்கம் பூராவும் அப்பியிருந்தது. அதை அவள் முந்தானையால் துடைத்திருக்கிறாள். துடைத்த இடத்தில் மஞ்சளைக் காணோம். பாதி வளையம் பொன், பாதி வளையம் சோற்றுச் சட்டி.

கருத்தக்கண்ணன் மறுபடியும் ஆசாரியைக் கூட்டி வந்தான். அவர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தேய்த்தார். காதைச் சொறிந்தார்.

"என்ன ஆசாரி?"

"பொன்னு சுண்ணாம்புக்கு அசையாதே."

"அப்ப இது பொன்னு இல்ல."

"இது மட்டும் இல்லன்னு சொல்லலாம். மத்ததப் பத்தி நான் எப்படிச் சொல்றது."

கருத்தக்கண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான். "அதான. ஒரு டூப்ளிகேட்ட வேணும்னே உள்ள கலந்து வச்சிருப்பாக."

"அத்தைதான எடுத்தாக மச்சான், நானா குடுத்தேன்?" என்றான் சுயம்புலிங்கம். அது நியாயமான கேள்வி. ஆனால் கோபத்தில் இருக்கிற மச்சானுக்கு நியாயம் எதற்கு.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் இருந்து கஸ்தூரியம்மாள் வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முற்றத்தில் ஒரு பழைய மண்சட்டியை வைத்தாள். அதில் சலவைச் சோடாவைக் கொட்டி, கல் சுண்ணாம்பை நீற்றி ஊற்றி, வெந்நீரை விட்டுக் கலக்கினாள். பெட்ரோமாக்ஸ் துடைத்த எண்ணெய்த் துணிகளை இந்தத் தண்ணீரில்தான் அவள் தேனியில் அலசுவாள். அதற்குள் விட்டால் எந்தக் கறையும் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். டப்பாவை அப்படியே கவிழ்த்தாள். இருளம்மாளின் பாதி வெளுத்த வளையமும் உள்ளே போனது.

சட்டி சீறியது. வளையத்தைச் சுற்றிச் சுற்றி நுரை கிளம்பிப் பொரிந்தது. சுயம்புலிங்கம் பதறிப்போய் உள்ளே கையை விடப் போனான்.

"கைய விடாதீக. தோலு போயிரும்" என்றாள் கஸ்தூரியம்மாள்.

தபால்காரன் இல்லாமல் அவனுக்கு நேராக வந்த முதல் வார்த்தை அதுதான். எல்லாரும் கவனித்தோம். இருளம்மாள் இடிக்கிறதை நிறுத்திவிட்டாள். அவனுக்கும் புரிந்திருக்கும் போல, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றான்.

"என்ன ரயிலு?" என்று கேட்டாள்.

அவன் உடனே தரையில் உட்கார்ந்துவிட்டான். விரலைத் தண்ணீரில் நனைத்து முற்றத்துக் கல்லில் வரைய ஆரம்பித்தான். இது என்ஜின். இது புகைபோக்கி. இங்கே சாவி. இது கிராமபோன் வில், பாட்டுப் பாடாது, ஆனால் இழுக்கும். இது பெட்டி, ஒரே ஒரு பெட்டிதான். அதில் ஜன்னல் ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டியிருக்கிறது, ஏனென்றால் மலை அந்தப் பக்கம்தான் வரும். ஜன்னல் ஓரத்தில் ஒரு பொம்மை உட்காரும். அதற்குச் சேலை கட்ட என்னிடம் வெட்டுத் துணி கேட்கலாம் என்று இருந்தான். அதைக் கேட்டால் ரகசியம் உடைந்துவிடும் என்று கேட்கவில்லை.

"பொம்மைக்கு எதுக்குச் சேலை?" என்றாள்.

"நீ சேலதான கட்டிருந்த."

கஸ்தூரியம்மாள் கல்லில் வரைந்திருந்ததைப் பார்த்தபடியே நின்றாள். வெயிலில் என்ஜின் காய்ந்துகொண்டிருந்தது. அவன் மறுபடியும் விரலை நனைத்து வரைந்தான். கருத்தக்கண்ணன்கூட, "பெட்டி ஒன்னுதானா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இப்படி எல்லாரும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சட்டியை யாரும் பார்க்கவில்லை. எண்ணெய்த் துணியை மணிக்கணக்கில் ஊறப் போட்டுப் பழகியவள் அவள். துணி கரையாது. அலுமினியம் கரையும் என்று யாருக்குத் தெரியும். சீறல் சத்தம் இன்னும் நிற்கவில்லையே என்று ஆசாரிதான் திரும்பிப் பார்த்தார். கஸ்தூரியம்மாள் ஒரு குச்சியால் வளையங்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தண்ணீரில் போட்டாள். மஞ்சள் ஒரு பொட்டுக்கூட இல்லை. எல்லாம் கரி பிடித்த மாதிரி கறுப்பாக இருந்தன. தேங்காய் நாரால் தேய்த்ததும் கறுப்புப் போய், உள்ளே இருந்த வெள்ளை தெரிந்தது. ஆனால் இருளம்மாளின் பையில் ஏற்கெனவே தோல் போயிருந்த வளையமும், அடியில் கிடந்த இன்னொன்றும் உருக்குலைந்திருந்தன. விளிம்பு அரித்து, எலி கடித்த ரொட்டி மாதிரி ஆகிவிட்டது.

சுயம்புலிங்கம் அந்த இரண்டையும் கையில் எடுத்தான். விளிம்பில் விரலை ஓட்டினான். திருப்பிப் பார்த்தான். தரையில் உருட்டிப் பார்த்தான். அது தள்ளாடிப் போய்ச் சுவரில் சாய்ந்தது. அவன் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தங்கம் போனவன் முகம் அப்படி இருக்காது. தங்கம் போனால் மனுஷன் கத்துவான்.

"சரி, தங்கம் இல்ல" என்றான் கருத்தக்கண்ணன். "ஒத்துக்கிறேன். முலாமும் இல்ல. ஆனா எங்கிட்டுப் பாத்தாலும் இந்தக் கதைய அப்படியே நம்பிட முடியுமா? நீ கொஞ்ச நாளு இங்கனயே இரு கஸ்தூரி. நான் தேனியில நாலு பேருகிட்ட விசாரிக்கிறேன்."

"யாருகிட்ட விசாரிப்பீக அண்ணே? மூக்கம்மாகிட்டயா?" அவள் சட்டியைக் கவிழ்த்து நீரை மண்ணில் ஊற்றினாள். "அவுக பொய் சொல்லணும்னு நெனச்சா இத விட நல்ல பொய்யாச் சொல்ல மாட்டாகளா? கூலிக்குச் செய்யிறேன், எவனோ குடுத்தான்னு சொல்லிருந்தா அன்னைக்கே நம்பிருப்பேன். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளேன்னு தேடி வந்து, அண்ணன் முன்னாடி நின்னு, நான் ரயிலு செய்யிறேன்னு எந்த ஆம்பளையாவது பொய் சொல்லுவானா?"

கருத்தக்கண்ணன் யோசித்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். ஆசாரி சீசாவை மடியில் சொருகிக்கொண்டு, மண்டிக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். மண்டிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

அவள் மஞ்சள் பையை எடுத்து வந்தாள். வளையங்களை அதற்குள் போடும்போது ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "அந்த மஞ்சக் கலருதான் நல்லா இருந்துச்சு" என்றாள்.

சுயம்புலிங்கத்துக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"என்னங்க பாக்குறீக. நல்லா இருந்துச்சுன்னுதான சொன்னேன். வேணும்னு கேக்கலயே. வாங்க போவோம்."

மீதி வளையங்களை வைத்து அவன் அந்த ரயிலைச் செய்து முடித்தான். மதுரைக்கு மறுபடி இரண்டு தரம் போய்ப் பார்த்தான், அந்த மாதிரி வளையம் கிடைக்கவில்லை. அதனால் அரித்துப்போன இரண்டையும் பின்னால் பெட்டிக்குப் போட்டான். கடைக்குப் பின்பக்கம் இருந்ததை அவளே வீட்டுக்குள் எடுத்து வரச் சொன்னாள். எங்கள் தெருவே போய்ப் பார்த்தது. மூக்கம்மாள் முதல் ஆளாகப் போய் நின்று, "நான் அன்னைக்கே சொல்லல? சக்கரம் மாதிரி இருக்குதேன்னு" என்றாள். நானும் ஒரு சாண் கண்டாங்கித் துணி கொடுத்தேன், பொம்மைக்கு.

சாவி கொடுத்தால் ரயில் கூடத்தைச் சுற்றி வரும். நேரான இடத்தில் அருமையாக ஓடும். அம்மிக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. அங்கே வந்ததும் விளிம்பு இல்லாத சக்கரம் வழுக்கும், பெட்டி கீழே இறங்கிச் சாய்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் இதுதான். தண்டவாளத்தை மாற்றிப் போட்டுச் சரி பண்ணட்டுமா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பொழுது சாய்ந்து அவன் லைட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததும் சாவி கொடுக்கச் சொல்வாள். அரிசி புடைக்கிற முறத்தோடு அந்த வளைவில் போய் உட்கார்ந்துகொள்வாள். பெட்டி இறங்கினால் ஒற்றை விரலால் தூக்கி ஏற்றி வைப்பாள். சேலை கட்டிய பொம்மை மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு மறுபடியும் கிளம்பிப் போகும்.